வலிக்கிறதா என்று கேட்டு அமுக்கு

முத்து, இது உன் அப்பாவின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை, பேனாவைப் பிடித்திருப்பது நான்தான். உனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. உன்னை இந்திப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவனே நான்தான் என்பதால் அதில் உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆகவே உன் பெண்டாட்டி செல்விதான் இதை உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சீத்தா கேம்ப் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண், என் கோணல் எழுத்தை எப்படியும் வாசித்துவிடுவாள். செல்வி, மாமா சொல்கிறேன், ஒரு வரியையும் தாண்டிப் போகாதே. கூச்சமாக இருக்கிற இடத்திலும் நிறுத்தாதே. அவன் எழுந்து பால்கனிக்குப் போனால் நீயும் மெதுவாகப் பின்னால் போய் வாசி. மெதுவாகப் போ, வயிற்றுப்பிள்ளைக்காரி.

அடுத்த மாதம் செல்வியின் அம்மா வீட்டில் வளைகாப்பு. லீவு கிடைக்கவில்லை, செல்வியை ரயிலேற்றி அனுப்பிவிடுகிறேன் என்று பெங்களூரிலிருந்து சொன்னாய். உன் அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை. என் வலது காலின் பெருவிரலை எடுத்த அன்று நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். வார்டு வாசலில் நின்று காலில் போட்ட கட்டைப் பார்த்தாய், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினாய். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகுதான் மேலே வந்தாய், வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு தாராவியில் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. போனில் "எப்படி இருக்கீங்கப்பா" என்று கேட்பாய், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் போன் செல்வியிடம் போய்விடும். போன வாரம் அந்தப் பெண் என்னிடம் அழுதுவிட்டாள். "மாமா, ஏழு மாசமாகியும் எனக்கு வாந்தி நிக்கல. மணிக்கட்ட கொஞ்சம் அமுக்கி விடுங்கன்னா, இவரு கைய பின்னால கட்டிக்கிட்டு நிக்காரு. நான் தொட்டது போதும், எங்கப்பா கால பாத்தல்லான்னு கேக்காரு. பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி பண்ணுதாரு மாமா" என்றாள். அன்றைக்குத்தான் இந்தத் தாளை எடுத்தேன். நீ வளைகாப்புக்கு வர வேண்டும். அதற்கும் முன்னால் உன் கை உனக்குத் திரும்பி வர வேண்டும். அதைப் போனில் சொல்ல முடியாது, நீதான் போனைக் கை மாற்றிவிடுகிறாயே.

எனக்கு எழுத்து வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது, உனக்குத் தெரியும். இரண்டு உள்ளங்கால்கள், அதில் நிறம் நிறமாகப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் உடம்பின் ஓர் உறுப்பின் பெயர். மாட்டுங்கா பூங்காவில் அமுக்கு வைத்தியம் சொல்லித் தருகிற மாமி கொடுத்தது. நிறத்தை வைத்துத்தான் நான் புள்ளிகளை அடையாளம் தெரிந்து வைத்திருந்தேன், எழுத்து எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். ஒரு நாள் பொழுது போகாமல் உன் அம்மாவிடம் "அந்தப் பச்சைக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு" என்று கேட்டேன். "பித்தப்பை" என்றாள். அந்த எறும்புக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரே மாதிரி இரண்டு எறும்பு இருந்தது. ஒன்றுக்குத் தலையில் பொட்டு, ஒன்றுக்கு இல்லை. "ஏட்டி, இது ரெண்டும் ஒரே எழுத்தா" என்றேன். உன் அம்மா அரிசியைப் புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இத்தன வருசம் என்கூட இருந்திய, ஒரு நாளாவது கேட்டியளா? இப்பக் காலு போன பொறவு படிக்க வாரிய" என்றாள். ஆனால் முறத்தை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்படித்தான் நான் படித்தேன். மற்றவர்கள் அம்மா, ஆடு என்று ஆரம்பிப்பார்கள். நான் பித்தப்பை, மண்ணீரல், சிறுநீரகம் என்று ஆரம்பித்தேன். உன் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் வாத்தியாருக்கு உரிய கோபம் முழுசாக இருக்கிறது. கட்டு பிரித்து நான் வெளியே நடக்க ஆரம்பித்ததும் தெருவில் இருக்கிற தமிழ் எல்லாம் என்னைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டது. நாடார் கடைப் பலகை, கோயில் சுவர், டீக்கடை விலைப்பட்டியல், எல்லாம். முனையில் பூமாலை போட்ட படத்தோடு ஒரு பெரிய சுவரொட்டி இருக்கிறதே, யாரோ தேர்தலில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு தினமும் அதைக் கடந்து போவேன். அன்று நின்று எழுத்துக் கூட்டிப் பார்த்தால் கண்ணீர் அஞ்சலி. செத்துப் போன மனிதரைப் பார்த்து அவர் ஜெயிக்கட்டும் என்று நினைத்திருக்கிறேன். நடுத்தெருவில் நின்று சிரித்தேன் முத்து.

இத்தனையும் எழுத ஒரு காலைப் பொழுது முடிந்துவிட்டது. விரல் மரத்துப் போகிறது. இப்போதெல்லாம் எதைச் செய்தாலும் பாதியிலேயே உடம்பு உட்கார்ந்துவிடுகிறது. சாப்பிடுவதற்கே அலுப்பாக இருக்கிறது என்றால் பார்த்துக்கொள். நாளைக்கு எழுதுகிறேன்.

நேற்று மழையில் கூரை ஒழுகியது, எழுதவில்லை. இன்று தொடர்கிறேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, மாட்டுங்காவில் அந்தக் கட்டிடத்து மாடிப்படிக்குக் கீழே நாள் முழுவதும் நின்று இஸ்திரி போட்டுவிட்டு வந்து நான் தரையில் குப்புறப் படுப்பேன். "ஏல முத்து, ஏறி மிதில" என்பேன். பரணுக்குப் போகிற ஏணியைப் பிடித்துக்கொண்டு நீ என் முதுகில் நடப்பாய். குண்டியில் ஆரம்பித்துத் தோள் வரைக்கும், பிறகு திரும்பி. அப்போது அதற்குப் பெயர் எதுவும் கிடையாது. நம் சந்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அப்பன் முதுகில் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் உன்னிடம் ஒரு குணம் இருந்தது. ஒவ்வோர் எட்டுக்கும் நின்று "வலிக்காப்பா? இங்ஙன வலிக்கா?" என்று கேட்பாய். நான் சொன்ன பிறகுதான் அடுத்த காலை வைப்பாய். கொஞ்சம் கனமானதும் முதுகை விட்டுவிட்டுத் தோளுக்கு வந்தாய். பெட்டி பிடிக்கிற வலது தோளில் உன் கட்டைவிரல் போய் நிற்கிற இடம் எனக்கே தெரியாத இடம். அங்கே அழுத்தினால் கை முழுக்க லேசாகும். பின்னால் மாமி படத்தைக் காட்டி அக்குபிரஷர் என்று சொன்னபோது, அட, இது எங்கள் முத்து செய்ததுதானே என்று நினைத்தேன்.

இப்போது அந்தச் செருப்புக்கு வருகிறேன். செல்வி, நிறுத்தாதே.

நீ அனுப்பிய அக்குபிரஷர் செருப்புதான் என் விரலைத் தின்றது என்று நீ முடிவு கட்டிவிட்டாய். உள்பக்கம் முழுக்க ரப்பர் முள் வைத்த அந்தச் செருப்பை நீயாக அனுப்பவில்லை. பூங்காவில் எல்லோரும் போட்டிருக்கிறார்கள், எனக்கும் ஒன்று வேண்டும் என்று நான் போனில் கேட்டேன், கேட்டதைப் பிள்ளை அனுப்பினான். ஆனால் அதற்கும் முன்னால் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மாவிடம் நான்தான் சொல்லி வைத்தேன். செருப்பு வருவதற்கு முந்திய தீபாவளி. துணி மலை மாதிரி குவிந்திருந்தது. கரி தட்டுவதற்காகப் பெட்டி மூடியைத் திறந்தபோது ஒரு துண்டு நெருப்பு கீழே விழுந்தது போலிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. உன் அம்மா மதியச் சோறு கொண்டு வந்திருந்தாள். "ஏங்க, என்னமோ கருகுது" என்றாள். நான் பதறிப் போய் ஒவ்வொரு சட்டையாகத் தூக்கிப் பார்த்தேன். பட்டுப் புடவை ஒன்று இருந்தது, அதை உதறிப் பார்த்தேன். துணியில் ஒன்றும் இல்லை. உன் அம்மாதான் குனிந்து பார்த்தாள். என் பாதத்தின் மேல் கரி உட்கார்ந்து புகைந்துகொண்டிருந்தது. நான் நின்றுகொண்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உன் அம்மா தட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள், அழுதாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமைப்பட்டேன். "நெருப்பையே தாங்குத உடம்பு பாத்தியா" என்றேன். "தாங்கல, ஒறைக்கல. சுகர் மாத்திரையை ஒழுங்கா முழுங்கிட்டு டாக்டர்ட்ட காலக் காட்டுங்க" என்றாள் அவள். எனக்கு உறைக்கவில்லைதான், இரண்டு விதத்திலும்.

அதற்குக் காரணம் பூங்கா. ரிட்டையரான பாங்க் மாமி காலையில் அங்கே அக்குபிரஷர் சொல்லிக் கொடுப்பார், என்னிடம் துணி போடுகிறவர், நல்ல மனுஷி. கூழாங்கல் பதித்த பாதை ஒன்று இருக்கிறது. வெறுங்காலில் அதில் நடக்க வேண்டும். எந்த இடத்தில் வலிக்கிறதோ அந்த உறுப்பில் கோளாறு, தினமும் நடந்தால் வலி குறையும், கோளாறும் குறையும் என்பது மாமியின் பாடம். ரிட்டையரான ஆபீசர்கள் எல்லாம் அதில் கால் வைத்ததும் "ஐயோ, பகவானே" என்று குதிப்பார்கள். நான் மாஹிம் கடற்கரை மணலில் நடக்கிறவன் மாதிரி நடந்து போவேன். "எல்லாரும் இஸ்திரிக்காரரைப் பாருங்கோ! மூஞ்சியைக்கூட சுளிக்கலை. கல்லீரல், கிட்னி எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு அவருக்கு" என்று மாமி கைதட்டுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். என் வாழ்நாளில் எதற்கும் யாரும் எனக்குக் கைதட்டியதில்லை முத்து. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "சுகர் மாத்திர முழுங்குத ஆளுக்கு வியாதியே இல்லியாம்லா. இந்த வயசுல பரிசு வாங்கிட்டு வாராரு" என்றாள். மாமிக்கு எனக்குச் சுகர் இருப்பது தெரியாது. நான் சொல்லவில்லை. முதல் பரிசு வாங்குகிறவன் தன் குறையை எதற்குச் சொல்லப் போகிறான்?

வலிக்காததை நான் ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டேன். அது வலிக்கத் தெரியாத கால். இதுதான் நடந்தது, இவ்வளவுதான். செருப்பு வந்தபோது அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்றேன். மாமி சொன்னது கொஞ்ச நேரம்தான். ரப்பர் முள்ளுக்கு நடுவில் ஒரு சின்னக் கரித்துண்டு போய் உட்கார்ந்துகொண்டது. வேறு யாராக இருந்தாலும் முதல் அடியிலேயே கழற்றி உதறியிருப்பார்கள். நான் அதன் மேலேயே நின்று ஊருக்கெல்லாம் துணி தேய்த்தேன். ஒரு நாள் உன் அம்மா துடைத்த தரையைப் பார்த்து, "யாரு குங்குமத்த மிதிச்சுட்டு வந்தது" என்று சத்தம் போட்டாள். நான்தான் நடந்து வந்திருந்தேன். நீ செருப்பு அனுப்பாமல் இருந்திருந்தால், அந்த இடத்தில் ஓர் ஊசியோ கல்லோ அதைச் செய்திருக்கும். கரி ஏற்கனவே ஒரு தடவை வந்து சொல்லிப் பார்த்தது. கேட்காதவன் நான்.

ஆஸ்பத்திரியில் விரலை எடுப்பதற்கு முன்னால் ஒரு இளம் டாக்டர் நைலான் இழை மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் சாச்சா, காலில் தொடும்போதெல்லாம் ஹாங், ஆமாம், என்று சொல்லுங்கள் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். காத்திருந்தேன். பிறகு "டாக்டர் சாப், ஷுரு கரோ நா" என்றேன், ஆரம்பியுங்களேன் என்று. கண்ணைத் திறந்தால் உன் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள். டாக்டர் என் தோளைத் தொட்டு, "ஹோ கயா, சாச்சா" என்றார். எல்லாம் தொட்டு முடித்துவிட்டாராம். அந்தத் தோளில் அவர் கை பட்டது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு மாமி என்னைப் பார்க்க மாட்டுங்காவிலிருந்து வந்தார். நம் சந்தில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டி வந்து, "நான் சொன்னதைக் கேட்டுத்தானே உங்களுக்கு இப்படி ஆச்சு" என்று கண் கலங்கினார். உன் அம்மா, தீபாவளியன்றே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும், என் தப்பு என்றாள். அங்கே நீ, செருப்பு அனுப்பிய தப்பு என்கிறாய். ஒரு விரலுக்கு எத்தனை பேர் உரிமை கொண்டாடுகிறீர்கள்! அந்த விரலுக்குச் சொந்தக்காரன் நான் ஒருவன்தான். இருக்கும்போது அதைப் பார்க்காதவனும் நான்தான். உங்கள் எல்லோரையும் சமாதானம் செய்தே எனக்கு ஓய்ந்து போகிறது. புண்ணைவிட அது பெரிய அலுப்பாக இருக்கிறது.

அதற்காக அமுக்குவதே பாவம் என்று நீ விட்டுவிடுவாயா? படத்தை உன் அம்மா கழற்றப் போனாள், நான் விடவில்லை. அது என் பள்ளிக்கூடம். தலைவலிக்கும் தோள்வலிக்கும் தூக்கம் வராததற்கும் இன்னும் ஒருவருக்கொருவர் கையில்தான் அமுக்கிக்கொள்கிறோம், சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மாத்திரைக்குத் துணை, மாத்திரைக்கு மாற்று இல்லை. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். மரத்த இடம், புண், வீங்கிச் சிவந்த இடம், இதிலெல்லாம் கை வைப்பதில்லை. நெஞ்சு வலித்தால் புள்ளி தேடுவதில்லை, ஆட்டோதான் தேட வேண்டும். தினமும் குளித்த பிறகு உன் அம்மா என் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்க்கிறாள். அவள் ஊரில் இல்லாத நாளில் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து நானே பார்க்கிறேன். என் காலுக்கு இப்போது தொட்டால் தெரியாது, பார்த்தால்தான் தெரியும். மாமியும் பூங்காவில் சுகர் இருக்கிறவர்களைக் கல்லில் ஏற விடுவதில்லையாம். முதல் பரிசு இனிமேல் யாருக்கும் கிடையாது.

செல்வியின் வாந்திக்கு வருகிறேன். மாமியிடம் நான் கேட்டுவிட்டேன், செல்வியும் அவள் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டாள், மணிக்கட்டில் மெதுவாக அமுக்குவதால் ஒன்றும் ஆகாது என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். ஆனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற இடம், கணுக்காலுக்கு உள்பக்கம் மேலே இருக்கிற இடம், தோள் மேடு, இந்த மூன்றையும் பிள்ளை பிறக்கிற வரைக்கும் தொடாதே என்று மாமி இரண்டு தடவை சொன்னார். அவளுக்குத் தலை விடாமல் வலித்தாலோ, கண் மங்கினாலோ, முகமும் கையும் வீங்கினாலோ அமுக்கிக்கொண்டு உட்காராதே, அந்த நிமிஷமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அப்பா வலிக்கவில்லையே என்று உட்கார்ந்திருந்த மாதிரி நீ உட்கார்ந்திருக்கக் கூடாது.

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. எழுத ஆரம்பித்த அன்று மழை தொடங்கவில்லை, இப்போது சந்தெல்லாம் தண்ணீர். மாட்டுங்கா மாடிப்படிக்குக் கீழே பெட்டி பூட்டிக் கிடக்கிறது. இனிமேல் நின்று தேய்க்க முடியாது, உட்கார்ந்து தேய்த்தால் கை எட்டவில்லை. அதைப் பற்றிக் கவலை இல்லை. வலது தோள் மட்டும் பழக்கதோஷத்தில் இன்னும் சாயங்காலமானால் வலிக்கிறது. உன் அம்மா அமுக்கிப் பார்க்கிறாள், "இங்ஙனயா, அங்ஙனயா" என்று தேடுகிறாள், அந்த இடம் அவளுக்கு அகப்படவில்லை. நீ வந்தால் காலைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை நன்றாகப் பார். நான்கு விரல் இருக்கிறது, புண் ஆறிவிட்டது. பார்த்துவிட்டுத் தோளுக்கு வா.

ஆனால் வளைகாப்புக்கு எந்த ரயில் என்பதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். செல்வி, நீ வாசித்தது போதும் அம்மா. இந்தத் தாளை மடியில் வைத்துவிட்டு, இடது கையைத் திருப்பி அவனிடம் நீட்டு. முத்து, மணிக்கட்டில் கோடு இருக்கிறது பார். அங்கிருந்து முழங்கைப் பக்கமாக அவள் விரலால் மூன்று விரல் அளந்துகொள். இரண்டு நரம்புக்கு நடுவில் உன் கட்டைவிரலை வை. மெதுவாக அமுக்கு. வலிக்கிறதா என்று கேள், முன்பு என்னிடம் கேட்ட மாதிரி. அவள் சொல்வாள்.